எந்த வகுப்பில் உட்கார வைப்பது?

அகதிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த கதையைச் சொல்லுங்கள் என்று ஓய்வு பெற்ற பிறகு பலர் கேட்கிறார்கள். சேர்த்ததில் கதையே கிடையாது. இலங்கையிலிருந்து வந்த பிள்ளையைத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் சேர்க்கப் பத்து நிமிடம் போதும். பெயர், அப்பா பெயர், வயது, முகாம் அட்டை எண். டி.சி., அதாவது மாற்றுச் சான்றிதழ், இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்வோம். மொழியும் ஒன்றுதான். மறுநாள் காலை பிரேயரில் பிள்ளை வரிசையில் நிற்கும். சின்னப் பிள்ளையாக இருந்தால் அதோடு சரி, ஆறு மாதத்தில் உள்ளூர்ப் பிள்ளைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

பதிமூன்று வயதைத் தாண்டிய பிள்ளை வந்து நின்றால்தான் தலைமையாசிரியர் அறையில் பேச்சு நீளும். எந்த வகுப்பில் உட்கார வைப்பது? உட்கார்ந்த பிள்ளை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் எழுந்து போய்விடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? கணக்கு டீச்சராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் முகாம் பிள்ளைகள் விஷயத்தில் நான் செய்ததெல்லாம் இந்த இரண்டு கேள்வியோடு மல்லுக்கட்டியதுதான்.

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1990 ஜூனில் இலங்கையில் சண்டை மறுபடி மூண்டது. இந்திய அமைதிப்படை மார்ச்சில்தான் திரும்பியிருந்தது. மன்னார், பேசாலை, தலைமன்னார்ப் பக்கத்து ஜனங்கள் படகு படகாகத் தனுஷ்கோடியில் வந்து இறங்கினார்கள். சில படகோட்டிகள் கரைவரைக்கும் வராமல் மணல் திட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். 1989 ஆகஸ்டிலிருந்து 1991 ஏப்ரல் வரை வந்தவர்கள் அரசுக் கணக்கில் சுமார் 1,22,000 பேர். பெரும்பாலும் எல்லோரும் முதலில் மண்டபம் முகாமுக்குத்தான் வருவார்கள். அந்த முகாமின் பூர்வீகமே விசித்திரம். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளைத் தங்கவைத்து, நோய் நொடி பார்த்து அனுப்புவதற்காக ஏற்பட்ட இடம் அது. பல பத்தாண்டு கழித்து எதிர்த் திசையிலிருந்து வந்தவர்களுக்கும் அதே இடம்.

மண்டபத்தில் ஒரு குடும்பம் எத்தனை நாள் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று வாரத்தில் லாரி வந்து வேறு மாவட்ட முகாமுக்கு ஏற்றிப்போகும், சில குடும்பம் ஒரு வருஷமும் இருக்கும். வருகைப் பதிவேட்டில் ஜூலையில் எழுதிய பெயரை ஆகஸ்டில் சிவப்பு மையால் அடிப்போம். அந்த வருஷம் என் ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டில் பக்கம் போதாமல் தாள் ஒட்டினேன். நாளைக்கே போகப்போகிற பிள்ளைக்கு எதற்குப் பாடம் என்று சில ஆசிரியர்கள் கடைசி பெஞ்சைக் காட்டிவிடுவார்கள். அப்படிக் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனவர்களில் பலர் அடுத்த முகாமில் பள்ளிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை என்று அந்தந்த ஊர் ஆசிரியர்கள் பிற்பாடு சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். இலங்கையில் பள்ளி வருஷம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். பெரிய பரீட்சை, அதாவது சாதாரண தரம், பதினோராம் ஆண்டு முடிவில். இங்கே ஜூன் முதல் ஏப்ரல், பொதுத்தேர்வு பத்தில். ஜூனில் வந்து இறங்கிய பையன் பத்தாம் ஆண்டைப் பாதி முடித்தவன். அந்தப் பாதியிலும் ஷெல்லடிக்குப் பயந்து பள்ளி எத்தனை நாள் நடந்ததோ.

பேசாலைப் பையன் ஒருவனை நன்றாக ஞாபகம் இருக்கிறது. பதினாறு வயது, மீன்பிடிக் குடும்பம். இரண்டு வருஷமாகப் பள்ளி ஒழுங்காக நடக்கவில்லை என்று அவன் அம்மா உள்ளதைச் சொன்னதே வினையாகப் போயிற்று. எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர். "பையன் கஷ்டப்பட வேண்டாம், எட்டில் உட்காரட்டும், அஸ்திவாரம் பலப்படட்டும்" என்றார். எட்டாம் வகுப்பு மேசையில் அவன் முழங்கால் இடிக்கும். பக்கத்தில் இருந்தவன் இவன் தோளுக்குக்கூட வரமாட்டான். வகுப்பே அவனை 'அண்ணே' என்று கூப்பிட்டது, கேலியாகக்கூட இல்லை, மரியாதையாகத்தான். பாடம் அவனுக்குச் சுலபமாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை. தீபாவளிக்கு முன்னாலேயே ஐஸ் கம்பெனியில் பாரம் தூக்கப் போய்விட்டான்.

அதே மாதம் அதே வயதில் ஒரு பெண் வந்தாள். அவள் அம்மா கூசாமல் ஒரு பொய் சொன்னார், பிள்ளை பத்தாம் ஆண்டு முடித்துவிட்டது என்று. பத்தில் உட்கார வைத்தார்கள். அரையாண்டில் தமிழைத் தவிர எல்லாவற்றிலும் ஃபெயில். ஏப்ரலில் இங்கிலீஷ் மட்டும் போயிற்று, செப்டம்பரில் எழுதித் தேறிவிட்டாள். தன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தோற்பதைப் பதினாறு வயது தாங்கிக்கொள்கிறது, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜெயிப்பதைத் தாங்குவதில்லை. வயதுக்குரிய வகுப்புக்கு ஒன்று கீழே போகலாம், அதற்குக் கீழே எக்காரணம் கொண்டும் போகக்கூடாது என்று அந்த வருஷம் முடிவு செய்தேன். தலைமையாசிரியராகக் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்த பிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

சேர்க்கும்போது ஒரு தேர்வு வைப்பது வழக்கம். அதை நான் எழுத்தில் வைக்க மாட்டேன். ஒரு பையனிடம் காகிதத்தைக் கொடுத்தபோது அப்படியே திருப்பிக் கொடுத்தான். "ரீச்சர், கணக்குத் தெரியும். கேள்விதான் விளங்கேல்ல." நான் வாயால் சொன்னதும் கரும்பலகையில் நின்றபடியே போட்டு முடித்தான். அறிவியலில் இது இன்னும் மோசம். அங்கே பௌதிகம், இரசாயனவியல். இங்கே இயற்பியல், வேதியியல். ஒட்சிசன், ஐதரசன் என்று சரியாக எழுதிய விடைக்கு எங்கள் அறிவியல் ஆசிரியர் ஒருவர் குறுக்குக் கோடு போட்டிருந்தார். இரண்டு நாட்டுப் பெயர்களையும் எதிரெதிரே எழுதி முகாம் பிள்ளைகளே ஒரு அட்டை தயாரித்துச் சுவரில் மாட்டினார்கள், பிரச்சினை ஒரு வாரத்தில் தீர்ந்தது. சமூக அறிவியல் அப்படித் தீரவில்லை. மகாவலி கங்கை எங்கே பிறந்து எங்கே கடலில் விழுகிறது என்று தூக்கத்தில் சொல்லும் பிள்ளைக்கு நர்மதை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாது. இந்திய வரைபடத்தில் ஊர்களைக் குறிக்கச் சொன்னால் ஒருவன் எல்லாவற்றையும் குறித்துவிட்டு, கீழே அந்தச் சின்னத் தீவில் மன்னாருக்கும் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் தாளைக் கொடுப்பான். அதற்கு மதிப்பெண் கிடையாது என்று அவனுக்கும் தெரியும்.

உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருந்ததால் ஹெலிகாப்டர் எங்கள் பள்ளிக்கு மேலே அடிக்கடி பறக்கும். சத்தம் கேட்டதும் முகாம் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவார்கள். முதல் வாரம் எங்களுக்கெல்லாம் கண் கலங்கியது. இரண்டாம் வாரம் உள்ளூர்ப் பையன்களும் சேர்ந்து அடியில் புக ஆரம்பித்தார்கள், கணக்கு வகுப்பில் அது நல்ல சௌகரியம். மூன்றாம் வாரம் யார் முதலில் புகுவது என்று போட்டியாகிவிட்டது, முகாம் பிள்ளைகள்தான் நடுவர்கள். மனநல ஆலோசனை, கவுன்சலிங் என்ற பேச்செல்லாம் எங்கள் பக்கம் வர வெகுகாலம் ஆயிற்று. வந்த பிறகும் பெஞ்சுக்கு அடியில் புகுகிற பிள்ளையைத்தான் எல்லோரும் கவனித்தார்கள். சத்தம் கேட்டும் அசையாமல் நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான் திடீரென்று ஒரு நாள் பள்ளியை விட்டு நின்றார்கள் என்பது என் அனுபவம்.

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூனில் பள்ளி திறந்தபோது ஊர் முகமே மாறியிருந்தது. போன வருஷம் முகாமுக்குச் சோறும் துணியும் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் இப்போது வாசலில் நின்று பேசக்கூடத் தயங்கினார்கள். பஜாரில் கடை வைத்திருந்த ஒருவர் பள்ளிக்கு வந்து, தன் மகளுக்குப் பக்கத்தில் சிலோன்காரப் பிள்ளை உட்காரக் கூடாது என்றார். பேசாலைப் பையனை எட்டில் போட்ட அதே தலைமையாசிரியர் அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். "நாங்கள் உயர வரிசைப்படிதான் உட்கார வைக்கிறோம். உங்கள் மகள் வளர்ந்தால் இடம் தானாக மாறும்" என்றார். மேலே ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவும் இல்லை. ஆனால் 'அகதி' என்பது அந்த வருஷம்தான் விளையாட்டுத் திடலில் வசைச் சொல்லாயிற்று. சில பையன்களின் அண்ணன்மாரைக் காவலில் வைக்கும் சிறப்பு முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதும் நின்றது. விசாரிக்க நாங்களும் போகவில்லை, போகப் பயம்.

அதைவிடப் பெரிய அடி கல்லூரியில் விழுந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984இல் ஈழ மாணவர்களுக்கென்று உயர்கல்வியில் இடங்கள் ஒதுக்கினார்கள். 1991க்குப் பிறகு அது நிறுத்தப்பட்டது. கல்லூரிக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். முகாமில் கல்லூரிக்குப் போகிற அண்ணன் ஒருவன் இருந்தால் அவன் தெருவில் இருக்கிற ஒன்பதாம் வகுப்புப் பையன் விளக்கு வைத்துப் படிப்பான். அண்ணன் பிளஸ் டூ-வில் ஆயிரத்தைத் தாண்டி மதிப்பெண் வாங்கிவிட்டுப் பெயிண்ட் டப்பாவோடு வேலைக்குப் போகிறான் என்றால் ஒன்பதாம் வகுப்புப் பையனும் ஒரு கணக்குப் போடுகிறான். நான் சொல்லிக்கொடுத்த கணக்கைவிட அது அவனுக்குச் சரியாக வரும்.

அடுத்து எனக்கு மாற்றல் வந்தது, தெற்கே இன்னொரு மாவட்டத்தில், பெரிய முகாமை ஒட்டிய பள்ளி. 1992 முதல் 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறித் திரும்பிப் போனார்கள். வகுப்புகள் பாதியாயின. யார் விரும்பிப் போனார்கள், யார் போகவைக்கப்பட்டார்கள் என்பது பெரிய வாதம், நான் கண்டது டி.சி. கேட்டு வந்த வரிசையை மட்டும்தான். யாழ்ப்பாணம் ராணுவத்திடம் போன பிறகு, 1996இல் மறுபடி படகுகள் வரத் தொடங்கின. அதில் வந்த ஒரு பெண் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு காகிதத்தை என் மேஜையில் வைத்தாள். 1993இல் வேறொரு மாவட்டப் பள்ளி கொடுத்த டி.சி., ஏழாம் வகுப்பு தேர்ச்சி. கப்பலில் போய், படகில் திரும்பி வந்திருந்தது அந்தக் காகிதம். நடுவில் மூன்று வருஷம் காடு, மரத்தடி, இடம்பெயர்வு. பள்ளி அறவே இல்லை. வயது பதினைந்து முடிந்துவிட்டது.

எழுத்தருக்கு ஒரே சந்தோஷம், டி.சி. இருக்கிறது, எட்டில் போட்டுவிடலாம், சட்டப்படி கச்சிதம். நான் ஒன்பதுக்கு எழுதச் சொன்னேன். படிப்பு இடைவெளிக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு சான்று, மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு, மூன்று முறை திரும்பி வந்தது. மனு போய் வந்துகொண்டே இருக்கட்டும், பெண் வகுப்பில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அனுமதி வந்தபோது அவள் பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தாள்.

முகாமுக்குள் மாலை வகுப்பு நடத்தியவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்று ஒன்று, முகாம்களில் 'ஓஃபர்' என்பார்கள். இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கியது. ஏசு சபைப் பாதிரியார்களும் சில முகாம்களில் டியூஷன் நடத்தினார்கள். பாடம் எடுத்தவர்கள் பெரும்பாலும் முகாமிலேயே பிளஸ் டூ முடித்த பெண்கள். பத்துக்குப் பத்து அறை, நடுவே சேலையைக் கட்டித் தடுத்த வீடு, அதில் இரண்டு குடும்பம் இருக்கிற இடத்தில் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? மாலை வகுப்புக் கொட்டகையில்தான் படித்தது. என் பள்ளியில் பதிவேடு என்னிடம் இருந்தது, காரணங்கள் அந்தப் பெண்களிடம் இருந்தன. திங்கட்கிழமை ஏழு முகாம் பிள்ளைகள் வரவில்லை என்றால் நான் அவர்களில் ஒருத்தியைக் கேட்பேன். "இண்டைக்குச் செக்கிங் ரீச்சர்." செக்கிங் என்றால் அதிகாரிகள் வந்து தலை எண்ணும் நாள். அன்றைக்கு ஆள் நிற்காவிட்டால் உதவித்தொகை கிடைக்காது. அது பெரும்பாலும் பள்ளி நேரத்தில்தான் நடக்கும். ஒருமுறை அரையாண்டுத் தேர்வு நாளில் வந்தது. முகாம் வருவாய் ஆய்வாளரிடம் நேரில் போய்ப் பேசி, பள்ளிச் சீருடையில் இருப்பவர்களை முதலில் எண்ணி அனுப்பிவிடச் சொன்னேன். தலையாட்டினார். அதற்குப் பிறகு பிள்ளைகள் ஒன்பதரைக்கு வந்துவிடுவார்கள். இந்த மாதிரிச் சில்லறை ஏற்பாடுகளால் கிடைத்த நாட்கள் எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைத்ததில்லை.

பெயிண்ட் வேலையைச் சொன்னேன். முகாம் ஆண்களுக்கு எப்படியோ அது குலத்தொழில் மாதிரி ஆகிவிட்டது. பதினைந்து வயதுப் பையன் சனி ஞாயிறு பட்டிச் சுவரைத் தேய்க்கப் போவான், பிறகு வெள்ளியும் சேரும், பிறகு திங்கள். 2011இல் உயர்த்திய பிறகே குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 750, பிள்ளைகளுக்கு 400. ரேஷன் அரிசி அப்போது கிலோ 57 காசு. தலைவருக்கு மாதம் கிடைத்த பணம் மூன்று நான்கு நாள் பெயிண்ட் கூலி. பையனுக்கு அறிவுரை சொல்வதற்கு முன்னால் ஆசிரியர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நான் செய்தது ஒன்றுதான், சனி ஞாயிறு வேலையைத் தடுக்க முயன்றதே இல்லை. தடுத்த ஆசிரியர்களின் பையன்கள் திங்களும் வரவில்லை.

1996இல் ஆட்சி மாறியதும் கல்லூரிக் கதவு கொஞ்சம் திறந்தது. எங்கள் முகாமிலிருந்து ஒரு பையனுக்குப் பொறியியல் இடம் கிடைத்தது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறியதை முகாமே திரண்டு நின்று பார்த்தது. அடுத்த ஜூனில் பத்தாம் வகுப்பில் முகாம் பையன்கள் வரிசை குறையவே இல்லை. அந்த இரண்டு வருஷத்தில் நான் கற்பித்த முறையில் எந்த மாற்றமும் கிடையாது. அதனால்தான் பள்ளிக்குள் அதைச் செய்யலாம், இதைச் செய்யலாம் என்று யாராவது நீளமாகப் பேசினால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

2006இல் நான் தலைமையாசிரியர். அப்போது வந்த அலை வேறு மாதிரி. திருகோணமலை, மூதூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய. வன்னியில் விடுதலைப் புலிகள் இயக்கம் வீட்டுக்கு ஒருவரைக் கேட்கத் தொடங்கியிருந்ததால் பிள்ளையை மட்டும் சித்தப்பாவோடும் மாமியோடும் படகேற்றி அனுப்பிய வீடுகளும் உண்டு. பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் யார் போடுவது என்று எழுத்தர் கேட்பார். முன்னால் நிற்கிற பெரியவர் யாரோ, அவர் போடட்டும் என்பேன்.

மூதூர்ப் பெண் ஒருத்தி, பதினாறு வயது, நாலு பள்ளி மாறியவள். இங்கிலீஷில் தன் பெயரைத் தவிர எதுவும் எழுத வரவில்லை. போர் நடந்த ஊர்களில் இங்கிலீஷ் வாத்தியார் கிடைப்பதே அரிது. ஒன்பதில் இருக்கிறாயா என்று கேட்டேன். "எனக்கு இங்கிலீஸ் வராது ரீச்சர். ஆனா நான் பத்திலதான் இருப்பன்." இங்கிலீஷ் ஆசிரியை கைவிரித்தார். பத்து மாதத்தில் இங்கிலீஷ் கற்பிக்க முடியாது, ஆனால் முப்பத்தைந்து மதிப்பெண் கற்பிக்க முடியும் என்று அவரைச் சம்மதிக்க வைத்தேன். மனப்பாடச் செய்யுள், கடிதம், படிவம் நிரப்புவது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது. நேரே போ, இடது பக்கம் திரும்பு, வங்கிக்கு எதிரே இருக்கிறது. முகாம் வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும் அந்தப் பெண் ஒரு மாதம் இங்கிலீஷில் வழி சொல்லிக்கொண்டே நடந்தாள், கூடப் போகிற பிள்ளைகள் சிரிப்பார்கள். தேறினாள். கல்வியாளர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். பிளஸ் டூ-வில் வணிகவியல் எடுத்து, பி.காம். முடித்து, இப்போது ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை. அவள் இங்கிலீஷ் இப்போது என் இங்கிலீஷைவிடப் பரவாயில்லை.

2009 பொதுத்தேர்வை எழுதிய ஒரு பையனின் அப்பா அம்மா அப்போது வன்னியில். ஜனவரியிலிருந்து போன் இல்லை. வகுப்பில் இருப்பான், பத்து மணிக்கு எழுந்து போய் முகாம் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவான். வருகை நாட்கள் குறைந்தால் தேர்வெழுத விடமாட்டார்கள். மருத்துவச் சான்று வாங்கி இணைத்து அனுப்பினோம், பொய்ச் சான்று என்று யார் சொல்ல முடியும்? தேர்வு எழுதினான். தேர்வு முடிந்து வெகுநாள் கழித்துத்தான் பெற்றோர் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் இருப்பதாகச் செய்தி வந்தது.

2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. பள்ளிக்கே போகாத பிள்ளையானாலும் வயதுக்குரிய வகுப்பில் சேர், விட்டுப்போனதைத் தனியாகச் சொல்லிக்கொடு என்று அதன் நான்காம் பிரிவு சொல்கிறது. படித்ததும் சிரிப்பு வந்தது, நாங்கள் மனு மேல் மனு போட்டுச் செய்ததைச் சட்டமே சொல்லிவிட்டது. ஆனால் அது 6 முதல் 14 வயது வரைக்கும்தான். பதினைந்து வயதில் படகிலிருந்து இறங்குகிறவனுக்குப் பழைய மனுதான்.

2012, 2013இல் புதிதாக ஒரு வியாதி வந்தது, ஆஸ்திரேலியா. பிளஸ் டூ பையன்கள் திங்கட்கிழமை காணாமல் போவார்கள். வீட்டில் கேட்டால் "வெளியூர் போயிருக்கான்" என்பார்கள். அம்மா காதில் கழுத்தில் ஒன்றும் இருக்காது, விற்றுப் படகுக்காரனுக்குக் கொடுத்திருப்பார்கள். சிலர் கிறிஸ்மஸ் தீவு வரை போனார்கள், சிலரைக் கேரளக் கடற்கரையிலேயே பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்களில் ஒருவன்கூடப் பள்ளிக்கு வரவில்லை. கடன் இருந்ததே.

நிர்வாகச் சங்கதி ஒன்று, இளம் தலைமையாசிரியர்களுக்குப் பயன்படும். டி.சி.யில் தேசிய இனம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. கை பழகிப்போன எழுத்தர்கள் எல்லாப் பிள்ளைக்கும் இந்தியர் என்றே எழுதிவிடுவார்கள். அன்பாகத்தான். அப்படி எழுதப்பட்ட ஒரு பிள்ளை பிறகு ஒரு கல்லூரியில் அகதிகளுக்கான இடத்துக்கு விண்ணப்பித்தபோது, டி.சி.யில் இந்தியர், விண்ணப்பத்தில் இலங்கை அகதி, எது பொய் என்று கேட்டு நிறுத்திவைத்தார்கள். திருத்தம் வாங்கி வருவதற்குள் கலந்தாய்வு முடிந்துவிட்டது. 1987 ஜூலை முதல் இங்கே பிறந்திருந்தாலும் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் சட்டம் பிள்ளையை இந்தியராக ஏற்காது. கடைசி வருஷங்களில் என் வகுப்பில் இருந்த முகாம் பிள்ளைகள் எல்லோரும் இங்கே பிறந்தவர்கள். 'ரீச்சர்' மறைந்து 'மிஸ்' ஆகியிருந்தேன். மதுரைத் தமிழில் பேசுகிற அந்தப் பிள்ளைகளிடம் நீ இலங்கை என்று எழுது என்று சொல்ல வாய் வராது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சிரியாவிலிருந்து போன பிள்ளைகளை லெபனானில் மதிய ஷிப்ட் வைத்துத் தனியாகப் படிக்க வைத்தார்கள் என்றும், துருக்கியில் முதலில் அரபு மொழியில் தனி மையங்கள் நடத்திவிட்டு 2016க்குப் பிறகு அவற்றை மூடிப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளுக்கு மாற்றினார்கள் என்றும் படித்தேன். அவர்களுக்கு மொழிச் சிக்கல் இருந்தது, எங்களுக்கு இல்லை. அதனால் தனியாக வைத்தது தப்பு என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல மாட்டேன். ஆனால் முகாம் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி கட்டாமல் எங்கள் பெஞ்சிலேயே உட்கார வைத்ததுதான் தமிழ்நாடு இந்த விஷயத்தில் செய்ததிலேயே உருப்படியான காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரே சத்துணவு, ஒரே பஸ் பாஸ், ஒரே சைக்கிள். பள்ளி வாசல்வரைக்கும் அவர்கள் அகதிகள், உள்ளே பத்தாம் வகுப்பு பி பிரிவு. பிளஸ் டூ முடிந்து வெளியே வரும்போது மறுபடி அகதிகள். அரசு வேலை கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. மருத்துவப் படிப்பு கனவில்தான்.

2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார். புது வீடுகள் வந்தன, கல்லூரி உதவித்தொகை கூடியது, முகாமின் மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய் ஆயிற்று. முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரும் மாறியது. வீடுகள் நன்றாக இருக்கின்றன, படிக்க இடம் இருக்கிறது, அது சின்ன விஷயம் இல்லை. குடியுரிமை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

என்னிடம் வேலை பழகிய ஒருவர் இப்போது கடலோரப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர். 2022இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது மறுபடி தனுஷ்கோடியில் படகுகள் இறங்கின, போரில்லை, பால்மாவும் பெட்ரோலும் இல்லை. அவர் போன் செய்தார். "மேடம், பதினைந்து வயசுப் பையன், டி.சி. இல்லை, ஒரு வருஷம் படிப்பு விட்டுப்போயிருக்கு. எட்டுல போடலாமான்னு ஆபீஸ்ல கேக்கிறாங்க."

ஒன்பது அல்லது பத்து, இரண்டில் எது என்று பையனையே கேளுங்கள் என்றேன். மனுவை இன்றைக்கே எழுதி, நகலில் தபால் முத்திரை வாங்கி வையுங்கள், பதில் வரக் காத்திருக்க வேண்டாம். தேசிய இனக் கட்டத்தைப் பென்சிலில் விடுங்கள், முகாம் பதிவு முடிந்ததும் மையில் எழுதலாம். பிறந்த தேதியை மட்டும் அவன் அம்மாவிடம் இரண்டு முறை கேட்டு, அவர்கள் கொண்டுவந்த காகிதம் எதுவாக இருந்தாலும் அதோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வெழுதுவோர் பட்டியலான நாமினல் ரோலில் ஏறிவிட்டால் பிறகு அதைத் திருத்த அவன் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.